மர்ஜியானாவின் பெயர் எங்கே?



செங்கல்பட்டில் எங்கள் மதரஸாவின் மாலை வகுப்பு முடிந்த நேரம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னருகே வந்து நின்றாள். முந்தின நாள் தொலைக்காட்சியில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படம் பார்த்தாளாம். “ஹஜ்ரத், அலிபாபா இல்லேன்னா அந்தத் திருடன் எல்லாரையும் கொன்னிருப்பான் இல்ல?” என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. நூலில் உள்ள கதை இதற்கு நேர்மாறானது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட அப்படம் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மர்ஜியானா. படத்தின் மர்ஜியானாவும் துணிவுடையவளே. ஆயினும் அவள் நாயகனால் காப்பாற்றப்படுபவள், அவனது காதலி. இறுதி வெற்றி நாயகனின் வாளுக்கே உரியது. நட்சத்திர நடிகரைக் காணத் திரளும் கூட்டத்திற்கு வேறு முடிவு சுவைக்காது போலும்!

நூலின் அலிபாபாவோ வாளேந்தாத எளிய விறகுவெட்டி. மனைவி மக்கள் உள்ளவர். குகையில் வெட்டுண்ட காசிமின் உடலைத் தைக்க, செருப்புத் தைக்கும் முதியவரைக் கண்கட்டி அழைத்து வருபவள் பணிப்பெண் மர்ஜியானா. வீட்டை அடையாளம் காணத் திருடன் கதவில் குறியிட்டால், அண்டை வீட்டுக் கதவுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். எண்ணெய் வணிகனாக வந்த தலைவனின் 38 சாடிகளில் 37-இல் ஆட்கள் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்து முடிவு கட்டுகிறாள். மீண்டும் வேடமிட்டு வந்த தலைவன், ‘உப்பில்லாத உணவே வேண்டும்’ என்றதும் ஐயுறுகிறாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமல்லவா? கொல்ல வந்தவன் உப்பைத் தவிர்க்கிறான் என்று அவள் அறிந்துகொள்கிறாள்.

பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை காணப்படவில்லை. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்ற கிறிஸ்தவர் 1709-இல் பாரிஸில் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் எழுதினார். 1717-இல் அச்சான அந்நூலில் கதைத் தலைப்பிலேயே, 40 திருடர்களை அழித்தவள் ஓர் அடிமைப்பெண் என்ற செய்தி இருந்தது. பின்னர் வந்தோர் அவளைத் தலைப்பிலிருந்து நீக்கினர். திரைப்படமோ அவளது வெற்றியையும் நாயகனிடம் கொடுத்துவிட்டது.

கதையின் முடிவில் அலிபாபா அவளுக்கு விடுதலை அளித்து, தம் வீட்டு மருமகளாக்கிக் கொள்கிறார். அடிமைப்பெண்ணுக்கு நல்லொழுக்கமும் கல்வியும் புகட்டி, விடுதலை செய்து மணந்துகொள்பவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை இங்கே நினைவுகூர்வோம். உழைப்பவளின் அறிவைக் கண்டுணர்ந்து மதிப்பளிக்கும் பண்பு இது.

படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்த இரவே நூலையும் எடுத்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள் என்கிறேன். வாள் வீச நம் பெண்மக்களுக்கு வாய்ப்பு வராது. கதவிலுள்ள குறியைக் கவனிக்கும் வாய்ப்பு அன்றாடம் வரும்.

அச்சிறுமிக்கு முழுக்கதையையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப அந்த அக்கா பேரைத்தானே படத்துக்கு வெச்சிருக்கணும்?” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை. உங்களிடம் உண்டா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.