வெள்ளிக்கிழமை மீன் மணம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சுத்த மரக்கறி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஆனால் பேஸ்மன்ட் படியில் கால் வைத்ததும் மூக்கில் அடித்தது மீன் மணம்.

"என்ன பிள்ளை, வெள்ளிக்கிழமையும் மீனோ?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"இல்லை அண்ணா. ரெண்டு மூண்டு நாளா உப்பிடித்தான் மணக்குது. மாமி எங்கயோ கருவாடு ஒளிச்சு வைச்சிட்டா எண்டு தேடிக்கொண்டிருக்கிறம்."

கருவாடு கிடைக்கவில்லை. மாமியின் கட்டிலை இழுத்துப் பார்த்தால், பின்னால் இருந்த பிளக் பொயின்ட் மண்ணிறமாகிக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் கை வைத்தேன், சூடு. வயரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் மணம் போல ஒன்று வரும். வேறு வீடுகளில் என்றால் உடனே பதறுவார்கள். எங்கட வீடுகளில் மீன் மணத்துக்கு ஆர் பதறுவினம்?

அந்தப் பகுதிக்கான பிரேக்கரை இறக்கினோம். மாமியை மேலே படுக்க அனுப்பினோம். அடுத்த நாள் காலையில் எலக்ட்ரீசியன் வந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு மாதமாகக் கரண்ட் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் மின்சாரக் கார் ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருந்தார். விலை சொல்ல வந்த ஒருவர் பேனலைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நூறு அம்பியர், காணாது. இருநூறாக்க வேணும்" என்று சில ஆயிரம் டொலருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருசம் காசு சேர்த்துச் செய்வோம் என்பது மச்சானின் திட்டம். பேஸ்மன்டில் பின்னேரத்தில் பிரேக்கர் விழுகிற தொல்லையும் அப்போது தீர்ந்துவிடும் என்று நினைத்தார். அதுவரை சமாளிக்க, கடையில் 30 அம்பியர் பிரேக்கர் ஒன்று வாங்கி, 15 இருந்த இடத்தில் தானே மாட்டிவிட்டார். விழுகிறது நின்றது. மணம் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள். இங்கே சுவர்ப் பிளக்கில் வருவது 120 வோல்ட். மாமியின் அறை ஹீட்டர் 1,500 வாட், அதாவது 12.5 அம்பியர். அதே வயரில் இருந்த தேத்தண்ணிக் கேத்திலும் 1,500 வாட். இரண்டும் சேர்ந்து 25 அம்பியர். அந்த வயர் 15 அம்பியருக்கான மெல்லிய வயர். 15 பிரேக்கர் விழுந்து விழுந்து சொன்னது அதைத்தான். 30 பிரேக்கருக்கு 25 ஒரு பொருட்டே இல்லை, விழாது. சுவருக்குள் இருக்கிற வயர்தான் சூடாகும்.

மச்சானைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊரில் பியூஸ் பறந்தால் எங்கட அப்பாமார் என்ன செய்தார்கள்? இருந்த தடிச்ச செப்புக் கம்பியைச் சுற்றிப் பியூஸ் கட்டையைத் திரும்பச் செருகினார்கள். அந்தக் கைப்பழக்கம் விமானம் ஏறி எங்களோடு வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பிரேக்கர் காவல் காப்பது சுவருக்குள் இருக்கிற வயரை. வயர் மாறாமல் பிரேக்கர் மட்டும் பெருக்கக் கூடாது.

பேனல் மாற்றுவதா இல்லையா என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, வீட்டுக்கு வருகிற கரண்ட் காணுமா? மற்றது, இருக்கிற பேனலும் வயரும் நல்ல நிலையில் இருக்கின்றனவா? முதலாவதற்கு விடை கணக்கில் இருக்கிறது, ஆறுதலாகச் செய்யலாம். இரண்டாவதற்குக் கண், காது, மூக்குத்தான் சாட்சி. அது காத்திருக்காது. தங்கச்சி வீட்டில் முதல் கேள்விக்காகக் காசு சேர்த்துக்கொண்டு, இரண்டாவதன் மேல் மாமியைப் படுக்க வைத்திருந்தார்கள்.

காணுமா?

பேனலின் மெயின் பிரேக்கரில் 60, 100, 125, 200 என்று ஓர் எண் இருக்கும். 100 என்றால் 240 வோல்ட்டால் பெருக்குங்கள்: 24,000 வாட். இதற்குள் வீடு அடங்குமா என்று பார்க்கக் கனடிய மின் விதிகளில் ஒரு கணக்குமுறை உண்டு. எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடாது என்பதை அது கவனத்தில் எடுக்கிறது.

தங்கச்சி வீட்டுக்கு எலக்ட்ரீசியன் போட்ட கணக்கு இது. மேல்தளம் 100 சதுர மீற்றர். பேஸ்மன்டும் 100, ஆனால் முக்கால்வாசிதான் கணக்கு, 75. முதல் 90 சதுர மீற்றருக்கு 5,000 வாட், மிச்சத்துக்கு 1,000. மின்சார அடுப்புக்கு 6,000. உடுப்புக் காயவைக்கும் மெஷின் 5,000 வாட், அதில் கால்வாசி, 1,250. ஏசிக்கு முழுசாக 3,500. வீட்டுச் சூடும் சுடுதண்ணியும் காஸில், அதனால் அவை இல்லை. மொத்தம் 16,750 வாட், கிட்டத்தட்ட 70 அம்பியர்.

கார் சார்ஜரை 32 அம்பியரில் வைத்தால் இன்னும் 7,680 வாட். கூட்டினால் 24,430. வெறும் 430 வாட்டால் எல்லை தாண்டுகிறது. "காணாது" என்று முதல் வந்தவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. அதே சார்ஜரை 16 அம்பியரில் அமைத்தால் 3,840 வாட்தான். மொத்தம் 20,590, சுமார் 86 அம்பியர். இரவு எட்டு மணித்தியாலம் செருகிவிட்டால் 150 கிலோமீற்றர் அளவில் ஓடலாம். மச்சான் வேலைக்குப் போய்வருவது 50-க்குள். கூட வேணும் என்றால், வீட்டின் பாவனை ஏறும்போது கார் சார்ஜிங்கைத் தானாக நிறுத்தி வைக்கிற கருவியும் இருக்கிறது.

ஆகவே 200 அம்பியர் அந்த வீட்டுக்கு இப்போது தேவையில்லை. நாளைக்குக் காஸ் சூடாக்கியை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறினாலோ, இரண்டாவது கார் வந்தாலோ, பேஸ்மன்டைத் தனி அடுப்போடு முறையாக வாடகைக்கு விட்டாலோ கணக்கைத் திரும்பப் போட வேண்டும். சாமான் வாங்க முதல் போடுங்கள், வாங்கிய பிறகு போட்டால் பேரம் பேச முடியாது. 60 அம்பியர் பியூஸ் பெட்டி உள்ள பழைய வீடென்றால் கணக்குக்கே வேலை குறைவு. இன்சூரன்ஸ் எடுக்கும்போதே பெரும்பாலும் சிக்கல் வரும்.

பேனலில் வெறும் இடம் இல்லை என்பதால் மட்டும் கரண்ட் காணாது என்று ஆகாது. கணக்கு இடம் கொடுத்தால் பக்கத்தில் ஒரு துணைப் பேனல் போடலாம். பேனல் மாற்றுவதும் வீட்டுக்கு வருகிற கரண்டைக் கூட்டுவதும் வேறு வேறு வேலைகள் என்பதையும் கவனியுங்கள். பின்னதில் வெளியே உள்ள மீற்றர்ப் பெட்டியும் வருகிற கேபிளும் மாற வேண்டிவரும், மின்சாரக் கொம்பனியும் வர வேண்டும். விலை கேட்கும்போது எது எதுக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் இருக்கா?

இன்றைக்கே டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பேனலடிக்குப் போங்கள். வெளிக் கதவை மட்டும் திறவுங்கள், உள் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

கறள், தண்ணி வழிந்த அடையாளம், கருகிய தழும்பு, "இர்ர்ர்" என்ற சத்தம், தொட்டால் சூடு, மீன் அல்லது எரிந்த பிளாஸ்டிக் மணம், காரணமில்லாமல் விழுகிற பிரேக்கர், ஏற்றினாலும் நிற்காத பிரேக்கர், இவற்றில் ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒரு பக்க லைற் மங்க, மறுபக்க லைற் அளவுக்கு மேல் பிரகாசமானால் அன்றைக்கே மின்சாரக் கொம்பனிக்கு அறிவியுங்கள். நியூட்ரல் கழன்றிருக்கலாம், அது மிக ஆபத்து. புகையோ நெருப்போ கண்டால் வீட்டை விட்டு வெளியேறி 911.

1960-களின் நடுவில் இருந்து 1970-களின் கடைசி வரை கட்டின வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். வயர் அலுமினியம் என்பதற்காக வீட்டை உடைக்கத் தேவையில்லை. பொருத்துகள் முறையாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பேனலில் உள்ள கொம்பனிப் பெயரையும் எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். விழ வேண்டிய நேரத்தில் விழாது என்று பெயரெடுத்த பழைய வகைகளும் உண்டு. அப்படியானதை நூறுக்கு நூறாகவே மாற்றலாம்.

ஒன்ராறியோவில் இந்த வேலையைக் காசுக்குச் செய்ய உரிமம் பெற்ற மின் காண்ட்ராக்டருக்கு மட்டுமே அனுமதி. வேலைபற்றி மின்பாதுகாப்பு அதிகாரசபையில் பதிய வேண்டும். அந்தக் கடதாசியைப் பத்திரப்படுத்துங்கள், இன்சூரன்ஸ்காரரும் வீடு வாங்குகிறவரும் கேட்பார்கள். "தெரிஞ்ச பெடியன், பாதி விலைக்குச் செய்வான்" என்றால் அந்தக் கடதாசி வராது. பிரித்தானியாவில் இருக்கிற உறவுகளுக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் பியூஸ் பெட்டி மாற்றுவது அறிவிக்க வேண்டிய வேலை, பதிவு பெற்ற எலக்ட்ரீசியனைப் பிடியுங்கள்.

தங்கச்சி வீட்டில் கடைசியில் நடந்தது சின்ன வேலைதான். கருகிய பிளக் பொயின்டும் சூடுபட்ட வயர்த் துண்டும் மாறின. 15 பிரேக்கர் திரும்ப வந்தது. மாமியின் ஹீட்டருக்குப் பேனலில் இருந்து தனி வயர் இழுத்தார்கள். பேனல் அப்படியே இருக்கிறது. கார் அடுத்த மாதம் வருகிறது.

மாமி பழையபடி கீழே வந்து கட்டிலில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தா.

"தம்பி, நான் கருவாடு ஒளிக்கேல்லை எண்டு இப்பவாவது இவைக்குச் சொல்லு."