எந்தப் பிராண்டு என்பது கேள்வியே அன்று

கொல்கத்தாவின் மாணவர் விடுதிகளிலும் வளாக வாசல் தேநீர்க் கடைகளிலும் ஒரு கேள்வி மிகுந்த தீவிரத்தோடு விவாதிக்கப்படுகிறது: பழகிய மின் சிகரெட் பிராண்டிலேயே நிலைப்பதா, வேறொன்றுக்கு மாறுவதா? ஒன்றில் புதினாச் சுவை கடைசிவரை நிற்கிறது. இன்னொன்றில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுகிறது. மூன்றாவது தொண்டையை உறுத்துவதில்லை. சொல்லாடல்களையெல்லாம் கட்டுடைத்து ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்வது வியப்புக்குரியது.

வினாக்கள் முன்னனுமானங்களைச் சுமந்து வருவன என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். ‘அவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டாரா?’ என்ற வினாவுக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அவர் முன்பு குடித்தவர், இடையில் நிறுத்தியவர் என்பதை ஒப்புக்கொண்டதாகிறது. ‘எந்தப் பிராண்டு?’ என்ற வினாவும் அத்தகையதே. பிராண்டு என்று ஒன்று மெய்யாகவே இருக்கிறது, அவற்றுள் ஒன்று மற்றதைவிட நம்பத்தக்கது, இழுப்பதைத் தொடர்வது முன்பே முடிவாகிவிட்டது என்னும் மூன்றையும் விடை சொல்பவர் விவாதமின்றி ஏற்றுக்கொள்கிறார். மூன்றும் இந்தியாவில் ஐயத்துக்குரியவை. முதலாவது வெறும் பொய்.

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை மின் சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதை எதிர்த்துக் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலும் வழக்கு தொடுக்கப்பட்டது, தடை நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தும் குற்றம்: முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றிலிருந்து இந்நாட்டில் இப்பொருளுக்குச் சட்டபூர்வமான உற்பத்தியாளர் இல்லை, இறக்குமதியாளர் இல்லை, புகாரைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை. வருவதெல்லாம் கடத்தல் வழியே வருகிறது. 2022-இல் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் ஒரே முறையில் கைப்பற்றியவை மட்டும் ஏறத்தாழ 2 லட்சம்.

ஒரு பெயர் தன் பொருளைச் சுட்டுவது எப்படி என்ற கேள்விக்குச் சால் கிரிப்கி சொன்ன விடை இவ்விடத்தில் உதவும். பெயர் சூட்டப்பட்ட கணத்திலிருந்து இன்று அதைச் சொல்பவர் வரை அறுபடாத ஒரு சங்கிலி உண்டு. அச்சங்கிலியே பெயரைப் பொருளோடு பிணைக்கிறது என்றார் அவர். வணிகப் பெயரின் சங்கிலியோ ஆலை, தொகுதி எண், இறக்குமதி உரிமம், கடை ரசீது ஆகியவற்றால் ஆனது. கடத்தல் சந்தையில் இக்கண்ணிகள் ஒவ்வொன்றும் அறுந்து கிடக்கின்றன. சென்ற மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே ஆலையில் நிரப்பப்பட்டவை என்பதற்குப் பெட்டியின் மேலுள்ள அச்சைத் தவிர வேறு சான்று கிடையாது. அச்சடிப்பது எவருக்கும் எளிது. ஆகவே ‘என் பிராண்டு’ என்பவர் சுட்டுவது ஒரு நிறுவனத்தை அன்று, ஒரு நிறத்தையும் ஒரு மணத்தையுமே. மாறாமல் உடன் வருவது நிக்கோட்டின் ஒன்றுதான். பிராண்டு விசுவாசம் என்று பெயர் பெற்றிருப்பதும் அதன் பிடியே.

இதற்கு எழும் முதல் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. சிகரெட்டை விட மின் சிகரெட் தீங்கு குறைந்தது என்று பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-லேயே கூறியது. சிகரெட்டைக் கைவிட விரும்புவோருக்கு நிக்கோட்டின் சூயிங்கத்தையும் ஒட்டுப் பட்டையையும் விட இது அதிகம் உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு எனக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. இரண்டையும் ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஆனால் அச்சான்றுகள் எந்தப் பொருளைப் பற்றியவை? பிரிட்டனில் நிக்கோட்டினின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கலத்தின் கொள்ளளவு 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது, உட்பொருள்களை விற்பனைக்கு முன்பே ஒழுங்குமுறை அமைப்பிடம் தெரிவித்தாக வேண்டும். இங்கே கைமாறும் பெட்டிகளில் ‘5 சதவீதம்’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். அதுவும் அச்சு உண்மை சொன்னால் மட்டுமே. லண்டனில் சோதிக்கப்பட்ட பொருளுக்கும் கொல்கத்தாவில் பையிலிருந்து எடுத்துத் தரப்படும் பொருளுக்கும் பொதுவாக இருப்பது ஒரு பெயர்ச்சொல் மட்டுமே. சொல் ஒன்றானதால் சான்றும் ஒன்றாகிவிடாது. இளங்கலை மாணவர் கட்டுரையில் இப்பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பவர்கள் தங்கள் நுரையீரல் என்று வரும்போது அதைக் கடந்து போகிறார்கள்.

மேற்பார்வையற்ற விநியோகம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் 2019 நிகழ்வே சாட்சி. நுரையீரல் பாதிப்பால் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்துத் திரவங்களைப் பெருக்கக் கலக்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட். பெரும்பாலானோர் அவற்றைக் கடைக்கு வெளியே, தெரிந்தவர் வழியாகவும் முறைசாரா விற்பனையாளரிடமும் பெற்றவர்கள். நிக்கோட்டின் மின் சிகரெட்டுக்கு எதிரான சான்றாக இதைக் காட்டுவது நேர்மையாகாது. கலந்தது என்ன என்று எவரும் பார்க்காத சந்தைக்கு எதிரான சான்று இது. அந்தச் சந்தையே இங்கே இருப்பது.

இனி அரசின் பக்கம். தடையை நலவாழ்வு நடவடிக்கை என்று மட்டும் வாசிப்பதற்குச் சௌரங்கிச் சாலையின் வர்ஜீனியா ஹவுஸ் இடம் தராது. 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஐ.டி.சி. நிறுவனத்தின் தலைமையகம் அது. ஒரு புகையிலை வகையின் பெயரையே கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள். 2014-இல் ‘இயான்’ என்ற பெயரில் மின் சிகரெட் விற்ற நிறுவனமும் இதுவே. 2019-க்குப் பின் அந்த வழி அடைபட்டது, சிகரெட் வழி அடைபடவில்லை. தடை அறிவிக்கப்பட்ட அன்றே சிகரெட் நிறுவனங்களின் பங்கு விலைகள் ஏறின. நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரரான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ பிற நாடுகளில் ‘வியூஸ்’ என்ற மின் சிகரெட்டை விற்கிறது. இந்தியாவில் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கை வைத்திருப்பது அரசுத் துறையின் ஆயுள் காப்பீட்டுக் கழகம். 2016-17 கணக்கெடுப்பின்படி 26 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்கள் புகையிலை பயன்படுத்தும் நாட்டில், குறைந்த தீங்கு உடையதாக இருக்கக்கூடிய பொருள் குற்றம்; தீங்கு நிறுவப்பட்ட பொருளோ தெருமுனைக் கடையில் ஒற்றை ஒற்றையாகக் கிடைக்கிறது. இது இரட்டை நாக்கு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இரட்டை நாக்கை அம்பலப்படுத்துவதோடு வாதம் முடிந்துவிட்டது என எண்ணுவது வளாகங்களின் பழைய நோய். அரசு பாசாங்கு செய்கிறது, எனவே நான் இழுப்பது எதிர்ப்பு என்ற தருக்கத்தில் ‘எனவே’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. சட்டம் நேர்மையற்றது என்பதால் பெட்டிக்குள் இருக்கும் திரவம் தூய்மையாகிவிடாது. கறுப்புச் சந்தைக்குக் கொடுக்கும் பணத்தால் எந்த முதலாளியும் ஒரு ரூபாயை இழக்கப்போவதில்லை.

மொழியும் இதில் உடந்தை. ‘இயான்’ வந்த அதே 2014-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் ‘வேப்’ என்ற சொல்லை அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தனர். புகை என்ற சொல் நீங்கியது, ஆவி என்ற சொல் அமர்ந்தது. உண்மையில் வெளிவருவது தூய ஆவியன்று. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிக்கோட்டினும் சுவையூட்டிகளும் நுண்துளிகளாக மிதக்கும் தூவல். வங்க மொழி இதில் கூடுதல் நேர்மை உடையது: அங்கே சிகரெட்டை ‘உண்கிறார்கள்’, சோற்றுக்கும் சிகரெட்டுக்கும் வினைச்சொல் ஒன்றே. உண்பது உடலுக்குள் போகிறது என்பதை அந்த வினை மறைப்பதில்லை.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது அதிகம். செய்வது, பிடிபட்டவரைத் தண்டிப்பது. இச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் விற்பவரையும் சேமித்து வைப்பவரையுமே குறிவைக்கின்றன. விடுதி நிருவாகமோ இழுப்பவரையே குறிவைக்கிறது. தண்டனைக்கு அஞ்சுபவர் பழக்கத்தை ஒளித்துக்கொள்வார், உதவி கேட்க மாட்டார். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் சட்டப்படி கிடைக்கிறது. அதன் அட்டையில் உற்பத்தியாளர் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உள்ளன. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் கைவிடுவதற்கான ஆலோசனை கிடைக்கிறது. மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு வளாக மருத்துவ மையத்திலும் நிக்கோட்டின் கைவிடல் ஆலோசனையைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். உதவி நாடி வருபவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதியையும் கேட்கட்டும். பாசாங்கான சட்டத்தை எதிர்ப்பவர்கள், தரக் கட்டுப்பாட்டோடு கூடிய ஒழுங்குமுறை வேண்டும் என்று வெளிப்படையாக வாதிடட்டும். அது மதிப்புக்குரிய நிலைப்பாடு.

அதுவரை, எந்தப் பிராண்டு என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுவே: இதைத் தயாரித்தவர் யார், உள்ளே இருப்பது என்ன, கெடுதல் நேர்ந்தால் யாரிடம் போவது? மூன்றுக்கும் விடை இல்லாத பொருளுக்குப் பெயர் இருந்தும் பயனில்லை.