அரியலூரைக் காணவில்லை

2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானது. மறு ஆண்டு மார்ச் மாதமே அதைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். முதல் பிரிவினைக்கும் சேர்ப்புக்கும் இடையில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததால், அதில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது: பெரம்பலூர் 4,93,646 பேர், அரியலூர் 6,95,524 பேர்.

இந்த இரண்டு எண்களையும் எக்செலில் மேலும் கீழுமாக அடித்து, 'மெர்ஜ்' கொடுத்தால் என்ன கிடைக்கும்? கூட்டுத்தொகையான 11,89,170 வராது. மேலே இருக்கும் 4,93,646 மட்டும் நிற்கும். கட்டங்களை இணைக்கும்போது இடது மேல் மூலையில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது அந்தக் கருவியின் இயல்பு. அரியலூரின் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் தாளிலிருந்தே காணாமல் போயிருப்பார்கள்.

கணினி முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் இது பெரிய ஆபத்தில்லை. எக்செல் முன்கூட்டியே எச்சரிக்கும். அதையும் மீறிக் கை தவறினால் கன்ட்ரோல்-இசட் இருக்கிறது. ஆனால் பட்டியல் தயாரிக்கும் வேலை இப்போது, சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவை பொத்தானை அழுத்தாமல் நிரல் வழியாகவே கட்டங்களை இணைக்க முடியும். அதற்குப் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ஓப்பன்பைஎக்செல் என்ற நிரல் நூலகம் எந்தப் பெட்டியையும் காட்டி 'சரியா?' என்று கேட்பதில்லை. மூலைக் கட்டம் தவிர மற்றவற்றை நீக்கிவிடும். பிறகு கட்டங்களைப் பிரித்தாலும் போன எண் திரும்பாது.

ஆகவே, எச்சரிக்கை வேறோர் இடத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடம் கருவிக்கு எழுதப்படும் குறிப்பு.

ஒரு கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்: அதன் பெயர், அது என்ன செய்யும் என்ற சில வரிகள், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல். ஏஐ-யைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் கருவிகள் இப்படித்தான் அறிமுகமாகின்றன. 'கொடுத்த கட்டங்களை இணைக்கும்' என்று ஒரே வரியோடு நிரலாளர் முடித்துக்கொண்டால், "ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்துக் காட்டு" என்று அலுவலர் கேட்கும்போது ஏஜென்ட் இந்தக் கருவியை எடுத்துவிட வாய்ப்புண்டு. 'இது எண்களைக் கூட்டாது. மூலைக் கட்டம் தவிர மற்றவை அழியும்' என்பது குறிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது வரிசைக் கணக்கு. பெரம்பலூர் மாவட்டத்தின் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் ஆகிய நான்கு வட்டங்களின் மக்காச்சோளப் பரப்பும் தாளின் 2 முதல் 5 வரையிலான வரிசைகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூகுள் ஷீட்ஸுக்கு நிரல் வழியே சொல்லும்போது எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முடிவு எண் கணக்கில் சேராது. எனவே கொடுக்க வேண்டியது 1, 5. கண்ணில் பட்டபடி 2, 5 என்று கொடுத்தால் முதல் வட்டம் விடுபட்டுப்போகும். இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை, ஓர் உதாரணம் போதும்.

சரியாகவே இணைத்தாலும் சிக்கல் தீராது. நான்கு வரிசைகளுக்கும் பொதுவாக மாவட்டப் பெயரை நடுவில் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பில் அந்தப் பெயர் முதல் வரிசையில் மட்டுமே இருக்கும். மற்ற மூன்றும் காலி. அடுத்து வரும் நிரல் 'பெரம்பலூர்' என்று வடிகட்டினால், மாவட்டத்தின் மக்காச்சோளப் பரப்பு என்று ஒரே ஒரு வட்டத்தின் பரப்பைச் சொல்லும். தலைப்புக்கு மட்டும் இணைக்கலாம், தரவு வரிசைகளில் கூடாது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

குறிப்பு நீளமானால் ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அதைப் படிக்க வேண்டும், செலவு கூடும் என்று நிரலாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே கேட்பது நான்கு வரி: எது அழியும், எப்படி எண்ண வேண்டும், திரும்பப் பெற முடியுமா, எப்போது தொடக்கூடாது. தவறான பரப்பளவை நம்பி இழப்பீடோ விதை ஒதுக்கீடோ முடிவானால் ஏற்படும் செலவு இதைவிடப் பல மடங்கு.

பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையைத் தமிழக அரசு 2020-லேயே வெளியிட்டது. அந்தக் கொள்கை ஏட்டோடு நின்றுவிடாமல் இருக்க, அரசு அலுவலகங்களுக்கு ஏஜென்ட் வாங்கும் ஒப்பந்தங்களில் இந்தக் குறிப்புகளையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றை மென்பொருள் நிறுவனம் மட்டும் பார்த்தால் போதாது. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் வட்டவாரியாகப் பயிர்க் கணக்கு பார்ப்பவர்கள் தங்கள் பழைய பட்டியல்களின் நகலில் கருவியை ஓட்டிப் பார்த்து, ஒப்புதல் தந்த பிறகே அசல் கோப்பைத் திறக்க அனுமதிக்க வேண்டும்.