லாலி தெருவும் உப்பளத்துப் பெயர்களும்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில் லாலி தொலாந்தால் என்றொரு தெரு இருக்கிறது. அது யார் பெயர் என்று கேட்டால், ‘யாரோ பிரெஞ்சுக்காரர்’ என்பார்கள். ஆள் பிரான்சில் பிறந்தவர்தான். பெயர் பிரெஞ்சுப் பெயர் அல்ல. அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில் துவாம் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு மேட்டில் வாழ்ந்த குடும்பத்தின் பெயர் அது. (கோவைக்காரர்கள் தங்கள் லாலி ரோட்டை இதில் சேர்க்க வேண்டாம். அது 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி என்ற ஆங்கிலேயரின் பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.)

நான் மரக்காணத்தில் பத்திரம் எழுதுகிறவன். பெயர்களை வைத்துத்தான் என் பிழைப்பு. உப்பளத்தில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் காலம் கழித்த ஓர் அம்மா வாரிசுச் சான்றுக்கு மனு எழுத வருவார். ஆதாரில் அஞ்சலை, குடும்ப அட்டையில் அஞ்சலாட்சி, வாக்காளர் அட்டையில் அஞ்சலையம்மாள். ‘என்கிற’, ‘என்கிற’ என்று போட்டு மூன்றையும் ஒரே ஆளாக்குவது என் வேலை. “உங்க மாமனாரோட அப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டால், “ஆருக்குத் தெரியும்?” என்பார். அவர் வாழ்ந்த குடும்பம் நாலு தலைமுறையாக அதே அளத்தில் உழைத்த குடும்பமாக இருக்கும்.

லாலி குடும்பத்துக்கும் நிறைய ‘என்கிற’ உண்டு. ஐரிஷ் மொழியில் ஓ மீலாலி. மீலாலி என்ற மூதாதையின் வழிவந்தவர்கள் என்று பொருள். ஆங்கில எழுத்தர்கள் கையில் அது ஓ முல்லாலி ஆனது, பிறகு முன்பகுதி உதிர்ந்து லாலி ஆனது. முதலில் லாக்ரே பக்கம் நிலமும் தலைமையும் உள்ள குடி அது. 13ஆம் நூற்றாண்டில் நார்மானிய பர்க் குடும்பம் அங்கே காலூன்றியதும் வடக்கே துவாம் பக்கம் ஒதுங்கியது. அங்கே குடியேறிய இடத்துக்கு துல்லக் ந டாலா, அதாவது கூட்டம் கூடும் மேடு என்று பெயர். இந்த ஊர்ப்பெயர்தான் பிரெஞ்சு நாக்கில் தொலாந்தால் ஆனது. 1689இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் டப்ளினில் கூட்டிய நாடாளுமன்றத்தில் துவாமின் உறுப்பினர்களில் ஒருவர் ஜேம்ஸ் லாலி. மன்னர் தோற்றார். அவர் பக்கம் நின்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன. 1691இன் லிமெரிக் உடன்படிக்கையை ஒட்டி ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். காட்டு வாத்துகள் என்று அயர்லாந்தில் அவர்களைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த ஜெரார்டு லாலியின் மகன்தான் 1702இல் பிறந்த தாமஸ் ஆர்தர், புதுச்சேரித் தெருப் பெயருக்கு உரியவர். மேடு கைவிட்டுப் போன பிறகும் குடும்பம் அதன் பெயரை விடவில்லை. தாமஸ் ஆர்தர் லாலி தொலாந்தால் பிரபு என்றே அழைக்கப்பட்டார்.

ஊரைப் பெயரோடு கட்டிக்கொள்வது நம் கரைக்கும் பழைய பழக்கம்தான். சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு எங்களுக்கு வடக்கே, கடப்பாக்கத்தையும் ஆலம்பரையையும் சேர்ந்த பகுதி. அதே நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள் அறிஞர்கள் பலர்.

ஆங்கிலேயரோடு நடந்த போருக்குப் பிரெஞ்சுப் படைத் தலைவராக, ஐரிஷ் வீரர்கள் கொண்ட தம் படைப்பிரிவோடு லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை அவரிடம் விழுந்தது. அந்த ஆண்டின் முடிவில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் கைவிட்டுத் திரும்பினார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் தோற்று, எல்லாம் தலைகீழானது. எங்களூரிலிருந்து திண்டிவனம் வழியாக ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம் அந்த ஊருக்கு. அன்று எதிர்ப்பக்கம் ஆங்கிலேயர் படையை நடத்திய அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய குடும்பம் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துப் படையோடு வந்து அயர்லாந்தில் நிலம் பெற்ற குடும்பம். நிலம் இழந்த ஐரிஷ் பெயரும் நிலம் பெற்ற ஐரிஷ் பெயரும் நம் மண்ணில் மோதிக்கொண்டன. பாடப்புத்தகம் இதை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கிடைத்த ஆலம்பரைக் கோட்டையும் அதே 1760இல் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து இடிபட்டது. உப்பும் நெய்யும் ஏற்றுமதியான துறைமுகம், இன்று இடிந்த செங்கல் சுவர்.

நாடு பிடுங்கப்பட்ட குடும்பத்தில் வந்தவர் என்பதால் லாலி மேல் இரக்கம் வருகிறது எனக்கு. அந்த இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வந்திறங்கிய வேகத்தில் புதுச்சேரி மக்களைச் சாதி, தொழில் எதுவும் பாராமல் பிடித்துப் படைச் சுமை தூக்க வைத்தார். தஞ்சைப் படையெடுப்பின்போது கீழ்வேளூரில் கோயில் அந்தணர்களை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். 1760 நவம்பர் கடைசியில், கூட்டின் படை முற்றுகையிட்ட புதுச்சேரிக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, சுமார் 1,400 உள்ளூர் மக்களை நகரத்தைவிட்டு வெளியே தள்ளினார். கூட்டின் படை அவர்களை வெளியே விட மறுத்தது, கோட்டை திரும்பச் சேர்க்க மறுத்தது. இரண்டு வரிசைத் துப்பாக்கிகளுக்கு நடுவில் எட்டு நாள் புல்வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழி விட்டார். அந்த 1,400 பேரில் எத்தனை பேர் இந்தக் கரையோரமாக வடக்கே நடந்து வந்திருப்பார்கள்? எங்களில் யார் யார் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்? நான் படித்த வரலாறுகளில் அவர்கள் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள்.

லாலியின் பெயருக்கு நேர்ந்தது வேறு. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. அவர் கைதியாக இங்கிலாந்து போய், தம் மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கத் தாமாகவே பாரிஸ் திரும்பி, 1766 மே 9 அன்று துரோகி என்று தலை வெட்டப்பட்டார். அவருடைய மகன் அந்தத் தீர்ப்பை விடவில்லை. எழுத்தாளர் வோல்டேர் லாலிக்காக எழுதினார். 1778இல் அரசவை தீர்ப்பை ரத்து செய்தது. வோல்டேர் மரணப் படுக்கையில் அந்தச் செய்தியைக் கேட்டார். இப்படி எட்டு நூற்றாண்டுத் தூரத்துக்கு ஒரு பெயரைப் பின்தொடர முடிகிறதென்றால், அதற்குக் காரணம் நிலம் பறித்தவனும் எழுதி வைத்தான், பறிகொடுத்தவனும் எழுதி வைத்தான் என்பதுதான்.

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து போதும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டுவதை விடச் சொல்லி 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை மனமார ஆதரிக்கிறவன் நான். பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும் நிலை எந்த அளத்துத் தொழிலாளியின் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் பட்டத்தை விட்டதற்காகப் பாட்டனையும் விட வேண்டியதில்லை. முதலெழுத்து ஒரே தலைமுறையில் மாறிவிடுகிறது. நிலம் இருப்பவனுக்குத் தாய்ப்பத்திரம் இருக்கிறது, அதில் பாட்டன் பெயர் இருக்கும். இங்கே 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம். அரசு நிலம், குத்தகைக்காரர்கள், அவர்களுக்குக் கீழே கூலிக்கு உழைக்கிறவர்கள். கூலிக்காரனுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. பாதிக்கு மேல் பெண்கள்; அவர்கள் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே அண்மையில்தான்.

அதனால் வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். மழைக்கால நிவாரணத்துக்கும் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளும் உப்பு உரிமப் பதிவேடுகளும் கூலிப் பட்டியல்களும் எங்கெங்கே கிடக்கின்றனவோ, அவற்றைப் படமெடுத்து, கரையோர மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். பழைய ஆவணங்களைக் கேட்கப் போகிறவனிடம் “எதுக்கு?” என்ற கேள்வி முதலில் வரக் கூடாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் அளத்துப் பெரியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மரக்காணம், கடப்பாக்கம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால், எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவிடுவார்கள்: பாட்டன், பூட்டன் பெயர், வேலை செய்த அளம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் புயலுக்குப் பிறகு வந்தார்கள். ஆத்தாவின் பெயருக்கும் அவள் பிறந்த ஊருக்கும் அந்த நோட்டில் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். நான் எழுதும் பத்திரங்களில் அதற்கு இடமே இல்லை.