ஆய்வேடுகள் வகுப்பறைக்குத் திரும்பட்டும்

சென்னை நங்கநல்லூரில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி என்று எல்லா வகையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைதாப்பேட்டை. அங்கே அண்ணா சாலையை ஒட்டியிருக்கிறது, 1856இல் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கிய ஆசிரியர் கல்லூரி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றது அங்கேதான். கடற்கரைப் பக்கம் போனால் 1922 முதல் இயங்கும் லேடி வெலிங்டன் கல்லூரி. பழைய மாமல்லபுரம் சாலையில் காரப்பாக்கத்தில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஆசிரியர்களை உருவாக்குவதற்கு இவ்வளவு ஏற்பாடுகள் அருகருகே அமைந்த ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது.

இங்கெல்லாம் ஆண்டுதோறும் எம்.எட். ஆய்வேடுகளும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. அவற்றில் ஒன்றாவது, அது எந்தப் பள்ளியில் எடுத்த தரவோ அந்தப் பள்ளி ஆசிரியரின் கைக்குத் திரும்பிப் போகிறதா? கல்வியியல் ஆய்வைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கோத்தாரி சொன்ன விலகல்கள்

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, ஆசிரியர் கல்வியின் நோயைத் தெளிவாகச் சொன்னது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்து விலகி நிற்கின்றன. பள்ளிகளிலிருந்து விலகி நிற்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றும் விலகி நிற்கின்றன. இந்த மூன்று விலகல்களையும் உடைக்க வேண்டும் என்றது குழு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பட்டியல் பழையதாகவில்லை.

தமிழ்நாடு 2008இல் கல்வியியல் கல்லூரிகளுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைத்தது. பாடத்திட்டமும் தேர்வும் ஒரே குடையின் கீழ் வந்தன, அது நன்மையே. ஆனால் பக்கத்து வளாகத்தில் எம்.எஸ்சி. கணிதம் படிப்பவரும் கணிதம் கற்பிப்பது எப்படி என்று ஆராய்பவரும் சந்திக்கவே வாய்ப்பில்லாத நிலை அதனால் இறுகிவிட்டது. ஆசிரியர் கல்வியைப் பல துறைகள் கொண்ட நிறுவனங்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்கொள்கையின் மற்ற பகுதிகளோடு கடுமையாக முரண்படுபவர்களும் இந்த ஒன்றை நிதானமாக யோசிக்கலாம்.

உச்ச நீதிமன்றம் ஏற்படுத்திய நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, நாட்டில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டிலும் கதை அதுதான். நூற்றுக்கணக்கான பி.எட். கல்லூரிகளில் அரசுக் கல்லூரிகள் 7, அரசு உதவிபெறுபவை 14. மற்றவை கட்டணத்தை நம்பி ஓடுபவை. அவற்றில் அக்கறையோடு நடப்பவை உண்டு. வராமலே வருகைப் பதிவு கிடைக்கும் இடங்களும் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. ஆள் வராத வளாகத்தில் ஆய்வு முளைக்காது.

வினாத்தாளோடு முடியும் ஆய்வு

ஒரு எம்.எட். ஆய்வேடு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மனவெழுச்சி நுண்ணறிவு, படிப்புப் பழக்கம், தேர்வு பயம் என்று ஏதோ ஒரு மாறி. அதற்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு என்று தலைப்பு. வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் உருவாக்கிய வினாப்பட்டியலின் தமிழாக்கம். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம். நான்கைந்து பள்ளிகளில் தலைமை ஆசிரியர் தயவில் ஒரு பாடவேளை. முந்நூறு தாள்கள் நிரம்பிவிடும். பிறகு ஆண், பெண் என்றும் நகரம், கிராமம் என்றும் பிரித்து டி-டெஸ்ட். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது அல்லது இல்லை என்ற முடிவு. கெட்டி அட்டை, வைவா, நூலக அலமாரி. அத்தோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பாடத் தாள்கள், செய்முறைப் பணிகள், பள்ளிப் பயிற்சி எல்லாவற்றுக்கும் இடையில் அவர்களுக்குக் கிடைக்கும் சில மாதங்களில் முடிக்கக்கூடிய ஆய்வு இதுதான். ஒரே வழிகாட்டியிடம் பலர். அவருக்கோ வகுப்பு, தேர்வுப் பணி, அங்கீகார ஆய்வுக் குழுவுக்கான கோப்புகள். முனைவர் பட்ட மாணவர்களைக் கட்டுரை வெளியிடும் கட்டாயம் பல ஆண்டுகள் துரத்தியது. காசு கொடுத்தால் அச்சேற்றும் இதழ்கள் அதில் வளர்ந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பணி உயர்வுக்கு இன்னும் எண்ணிக்கையே அளவுகோலாக இருப்பதால் பழக்கம் மாறவில்லை.

யார் செய்திருக்க வேண்டியது?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து வந்து அதை இங்கே முன்னெடுத்தவர் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார். கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படிபோல் அடுக்கிய கற்றல் நிலைகளில் தம் வேகத்தில் ஏறினார்கள். சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகள் அந்த முறைக்கு மாறின. பிறகு பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தன.

இந்த மாற்றங்களில் கல்வியியல் கல்லூரிகளின் பங்கு என்ன? திட்டத்தை வகுத்தவர்கள் நிர்வாகிகள். உழைத்தவர்கள் பள்ளி ஆசிரியர்களும் வட்டார வள மையப் பயிற்றுநர்களும் தன்னார்வலர்களும். கல்வியியல் கல்லூரிகள் பெரும்பாலும் மாற்றம் வந்த பிறகு அதைப் பற்றிக் கருத்துக் கேட்டு வினாப்பட்டியல் விநியோகித்தன. எந்தப் பிள்ளை எந்தப் படியில் ஏறாமல் நின்றது, ஏன் நின்றது, ஆசிரியர் என்ன செய்தபோது நகர்ந்தது என்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டியவர்கள் அவர்கள்தாம். அந்தக் குறிப்புகள் இருந்திருந்தால், ஒரு திட்டம் போய் அடுத்தது வரும்போது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்காது.

இன்றைக்கும் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சென்னையின் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தை ‘ல, ள, ழ’ மூன்றையும் எப்படிப் பிரித்தறிகிறது? எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாக்கியத்தில் ஏன் தடுமாறுகிறது? தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுக்கு மாறியவர் அறிவியல் விடையை மனப்பாடம் செய்வதற்கும் புரிந்து எழுதுவதற்கும் இடையில் எங்கே தவறுகிறார்? எந்த அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இப்படி ஐந்து தலைப்புகள் கிடைத்துவிடும்.

சந்திக்காத இருவர்

2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் இருபது வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும். இரண்டாம் ஆண்டில் மட்டும் பதினாறு வாரங்கள். விடியற்காலையில் சமைத்து, குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, ரயிலைப் பிடித்து வரும் பெண்கள் இந்த வளாகங்களில் ஏராளம். குடும்பத்தின் முதல் பட்டதாரிகளும் அப்படியே. காலை வழிபாட்டுக் கூட்டம், நுண்ணிலைக் கற்பித்தல், குடிமைப் பயிற்சி முகாம் எல்லாவற்றிலும் அவர்கள் உற்சாகமாகவே இருக்கிறார்கள். பள்ளிக்குப் போனதும் விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிறார்கள். மாலையில் ரெக்கார்டு நோட்டும் சார்ட்டும். பதினாறு வாரம் பிள்ளைகளோடு இருந்தும், கண்டதை எழுதி விவாதிக்க அவர்களுக்கு இடமில்லை.

அதே வளாகத்தின் மாடியில் எம்.எட். மாணவர் தரவு இல்லாமல் தவிக்கிறார். வகுப்பறையில் இருப்பவருக்கு ஆய்வுமுறை தெரியாது. ஆய்வுமுறை படித்தவருக்கு வகுப்பறை கிடைக்காது. இந்த இருவரையும் ஒரே பள்ளியில், ஒரே கேள்வியின் மேல் சேர்ந்து உட்கார வைப்பதுதான் நாம் செய்ய வேண்டிய சீர்திருத்தம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சைதாப்பேட்டைக் கல்லூரியை ஒட்டியே அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. கல்லூரியும் பள்ளியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்னோர்கள் யோசித்துக் கட்டிய ஏற்பாடு அது.

பின்லாந்தில் 1979 முதல் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் தேவை. பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்து, பிறகு விவாதிப்பது நூறாண்டைத் தாண்டிய வழக்கம். இரண்டு நாடுகளிலும் ஆய்வு என்பது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு கல்வியியல் கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள ஐந்தாறு பள்ளிகளோடு குறைந்தது ஐந்தாண்டு உறவுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் அப்பள்ளி ஆசிரியர்களிடம் கேள்விகளைப் பெற்று, அதிலிருந்தே எம்.எட். தலைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வைவாவுக்கு முன் ஆய்வின் முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, தரவு தந்த பள்ளியில் ஆசிரியர் கூட்டத்தில் வாசிப்பது கட்டாயமாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் பதில் சொல்ல முடியாத ஆய்வேட்டுக்குப் பட்டம் எதற்கு? சுருக்கங்களைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தொகுத்து மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அளிக்கலாம். வழிகாட்டும் பேராசிரியர் வாரம் ஒரு நாள் பள்ளியில் இருப்பதைப் பணிச்சுமையாகக் கணக்கிட வேண்டும். காலிப் பேராசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் இவற்றில் எதுவும் நடக்காது.

அவசரம் ஒன்றும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு வெளியிட்ட வரைவு விதிமுறைகள் ஓராண்டு பி.எட்., ஓராண்டு எம்.எட். படிப்புகளை மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தன. படிப்புக் காலம் குறைந்தால் முதலில் அடிபடுவது பள்ளிப் பயிற்சியும் ஆய்வும்தான். இதில் தமிழ்நாடு தன் நிலையை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் தகுதித் தேர்வின் கதவை இன்னும் இறுக்குவதால் மட்டும் நல்லாசிரியர்கள் கிடைத்துவிட மாட்டார்கள். 2012இல் தமிழ்நாட்டில் நடந்த முதல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த எண்ணைப் பார்த்துத் தேர்வெழுதியவர்களைப் பழித்தோம். அவர்களை உருவாக்கிய கல்லூரிகளின் வாழ்வைத் திருத்த மறந்தோம். கல்வியியல் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கல்வியாண்டின் முதல் ஆய்வுத் தலைப்பை நூலகத்தில் தேடாதீர்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போய் அங்கிருக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள்.