நிலவின் படமும் நம் நடமாட்டமும்

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. அது விழுந்த பகுதியைப் படம் பிடித்த அமெரிக்காவின் நாசா, படத்தைப் பூட்டி வைக்காமல் எல்லோரும் பார்க்க இணையத்தில் வெளியிட்டது. சென்னையில் பணியாற்றிய தமிழ்ப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, கலத்தின் ஒரு துணுக்கைக் கண்டுபிடித்து எழுதினார். டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து, அவர் பெயரையும் அறிவித்தது.

பெங்களூரை அடுத்த பையலாலுவில் உள்ள இஸ்ரோ மையமும் சந்திரயான் படங்களை வெளியாருக்குத் தருகிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடு. நிலவில் எவருடைய வீடும் இல்லை.

பூமியின் சங்கதி வேறு. 2005-ல் கூகுள் எர்த் வந்தபோது அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமே கவலை தெரிவித்தார். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய கவலை அது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. அதை நாம் குறை சொல்லவில்லை. வானிலிருந்து எடுக்கும் படத்தில் கூரை தெரியும். கூரைக்குக் கீழே இருப்பது யார் என்று தெரியாது. அதைச் சொல்லிவிடுவது நம் சட்டைப் பையிலுள்ள செல்போன்.

ரயில் டிக்கெட் கொடுப்பவர் எந்த ஊருக்கு என்றுதான் கேட்பார்; அங்கே யாரைப் பார்க்க என்று கேட்கமாட்டார். செல்போனோ கேட்காமலே குறித்துக்கொள்கிறது: இரவு தங்கிய இடம், போய்வந்த ஆஸ்பத்திரி, சங்கக் கூட்டம் நடந்த தெரு. ‘அனுமதி’ என்று அழுத்தியது நீங்கள்தானே என்பார்கள். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் தருமபுரி இளைஞர் அந்த ஆங்கில வாசகத்தைப் படித்துவிட்டா அழுத்தினார்? அழுத்தாவிட்டால் வேலை இல்லை.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ கேட்டுப் பெறலாம். தமிழும் அதில் உண்டு. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து மேலும் 18 மாத அவகாசம்! இந்தத் தாராளம் யாருக்காக? அரசுத் துறைகளுக்கு விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டபடி பயன்படுத்தலாகாது.

கம்பெனிகள் கெடு முடியட்டும் என்று காத்திராமல், ஒப்புதல் வாசகத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் இப்போதே தர வேண்டும். வேலை நேரம் முடிந்ததும் இருப்பிடம் குறிப்பதை நிறுத்தவும் வேண்டும். மத்திய அரசு அவர்களை அழைத்துப் பேசி இதற்கு ஆவன செய்ய வேண்டும்.