தாழ்த்திய காரின் டயர் தேய்வது தலைவிதி அல்ல

டத்தோ கிராமாட் சாலையோரம் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மைவி, சாகா, பழைய வீரா என்று தரையோடு ஒட்டியபடி ஓடும் கார்கள் சில கண்ணில் படும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும் என்பது நம் இளைஞர்கள் பலரின் அளவுகோல். அது அழகா இல்லையா என்பது அவரவர் ரசனை. அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கெல்லாம் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சோடுதான்: “லோவர் பண்ணின கார்னா டயர் உள்பக்கம் தேயத்தான் செய்யும்.”

இதை நம்பி, பாதி ஆயுள் கூட ஓடாத டயர்களை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது தேவையில்லாத செலவு. அந்தத் தேய்மானத்தில் பெரும்பகுதியைத் திருத்திவிடலாம். ஏன் என்று புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த கணிதமே போதும்.

காரை 30 மில்லிமீட்டர் இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் தரையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடல்தான் கீழே வருகிறது. ஆனால், இரண்டையும் இணைக்கும் கைகளின் சாய்வு மாறிவிடுகிறது. மைவி, சாகா போன்ற கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் ஸ்டிரட். எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பு அது. 1950இல் வந்த ஃபோர்டு கான்சல் போன்ற கார்களில் இடம்பெற்று, பிறகு உலகம் முழுவதும் சிறிய கார்களுக்குப் பரவியது. இதில் அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும்; அடியில் ‘லோவர் ஆர்ம்’ என்ற கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும் அந்தக் கை, கார் தாழ்ந்ததும் கிடைமட்டத்தை நோக்கி எழும்; எழும்போது சக்கரத்தின் அடிப்பாகத்தை வெளியே தள்ளும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். பின்னால் நின்று பார்த்தாலே தெரியும் என்பதால் டயர் தேய்ந்தவுடன் பழி முழுவதும் இதன்மேல் விழுகிறது.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் வேறொருவர். அதற்குப் பெயர் டோ. நிமிர்ந்து நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டும் நேராகப் பார்க்கலாம், விரல்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பலாம், அல்லது விலகலாம். முன்சக்கரங்களும் அப்படித்தான். சக்கரத்தைத் திருப்பும் டை ராட் ஒரு நீளம், லோவர் ஆர்ம் வேறொரு நீளம். இரண்டும் வெவ்வேறு புள்ளியிலிருந்து வெவ்வேறு வட்டத்தில் அசைகின்றன. நீளம் ஒவ்வாத இரண்டு கயிறுகளில் பலகையைக் கட்டி ஊஞ்சல் ஆட்டினால் பலகை கோணும் அல்லவா? அதுபோலவே காரை இறக்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். அளந்தால்தான் தெரியும்.

அந்தக் கோணம் மிகச் சிறியது. ஒரு சக்கரம் 0.2 பாகை மட்டும் திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால், கார் நேராகப் போகும்போது அந்தச் சக்கரம் வேறு திசையில் உருள விரும்புகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை ஒருமுறை கடந்தால் 47 மீட்டர். பிறைக்கு வேலைக்குப் போய்வருபவரின் டயர், தினமும் பாலத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடலின் நீளத்துக்குக் குறுக்காக இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் கணக்கு 35 கிலோமீட்டரைத் தொடும்.

தரையைத் தொடும் ரப்பர் முதலில் வளைந்து கொடுக்கும். தரையை விட்டு எழும் இடத்தில் வழுக்கி நேராகும். ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. அழிரப்பரைத் தாளில் தேய்ப்பது போலத்தான்.

“என் கார் ஒரு பக்கமும் இழுக்கவில்லையே, ஸ்டீரிங் நேராகத்தானே இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். இடது சக்கரம் இடப்பக்கமும் வலது சக்கரம் வலப்பக்கமும் சம அளவில் இழுத்தால் கார் நேராகத்தான் ஓடும். இழுபறி சமமாக இருப்பதால் உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாது. டயருக்குத்தான் தெரியும்.

கேம்பருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. சக்கரம் உள்ளே சாய்ந்தால் பாரம் உள்விளிம்பில் கூடுகிறது. ஆனால், டோ சரியாக இருந்தால் ஒரு பாகை அளவுச் சாய்வைப் பல டயர்கள் தாங்கிக்கொள்ளும். சாய்ந்த சக்கரம் வெளிநோக்கியும் திரும்பியிருந்தால்தான் உள்விளிம்பு வேகமாகக் கரைகிறது. டோவைத் திருத்துவதோ எளிது: டை ராட்டின் நட்டைத் தளர்த்தித் திருகினால் போதும். வசதியுள்ள எந்தக் கடையிலும் செய்யலாம். ஆகவே, ‘தேயத்தான் செய்யும்’ என்பது சமாதானமே தவிர விளக்கமல்ல.

பணம் மட்டும் போனால் இத்தனை அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்தால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள். நின்று பார்ப்பவருக்கு வெளிப்பக்கப் பள்ளங்கள்தான் தெரியும். உள்பக்கம் வழுக்கையாகி, கம்பியே எட்டிப் பார்த்தாலும் தெரியாது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் பாய்கிறது. அந்த வேகத்தில் நீரை ஒதுக்கப் பள்ளம் இல்லாத டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். பிரேக்கும் ஸ்டீரிங்கும் அப்போது பெயருக்குத்தான். கம்பி தெரியும் டயரோ எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே, காரைத் தாழ்த்துகிறவர் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும் என்பேன்.

முதலாவது, ஸ்பிரிங்கின் விலையோடு அலைன்மென்ட் கூலியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அதற்குக் காசில்லை என்றால் அந்த மாதம் ஸ்பிரிங் வாங்க வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டவும் வேண்டாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 விழுக்காடு விறைப்பாகும். சக்கரம் தொங்கும் நேரத்தில் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இறக்கும் முன்பே ஜேபிஜே விதியையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் ஒன்றல்ல. பேலன்சிங் அதிர்வைப் போக்கும், கோணத்தைத் திருத்தாது. அலைன்மென்ட் செய்தால் முன் அளவும் பின் அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். 0.20 பாகை என்றாலும் 12 நிமிடம் என்றாலும் ஒன்றே. கேம்பர் மிகையாக இருந்தால் கேம்பர் போல்ட் போட்டு முதலில் அதைத் திருத்தி, கடைசியாக டோவைத் திருத்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

மூன்றாவது, புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள்.

நான்காவது, மாதம் ஒருமுறை ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, குனிந்து உள்விளிம்பைப் பாருங்கள். ரப்பரின் குறுக்கே உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள், கம்பி வெளியே வராமல் இருந்தால் மட்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போலவும் பட்டால் டோ கெட்டிருக்கிறது.

பட்டறை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கை மாட்டிச் சாவியைக் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாகக் கருதாதீர்கள். உங்களிடம் இயந்திரம் இல்லையென்றால், இருக்கும் கடைக்கு அன்றே அனுப்பி வையுங்கள். அளவுத்தாள் இல்லாமல் கார் வெளியே போகக் கூடாது என்பதை வழக்கமாக்கினால் வாடிக்கையாளர் உங்களைத்தான் தேடி வருவார்.

பெற்றோரே, மகன் காரைத் தாழ்த்திவிட்டான் என்று திட்டுவதால் கார் உயரப் போவதில்லை. “அலைன்மென்ட் தாள் எங்கே, காட்டு” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் தேடிப் போனாலே டயரும் மிஞ்சும், மழை நாளில் உங்கள் மனமும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.